பாட்டிலில் போட்ட கோடு

கருப்பு பனியன் போட்டு ஓடுகிறவர்களுக்கு இது தெரிந்திருக்கும். ஓடி முடித்து வீட்டுக்கு வந்து பனியனைக் கழற்றி நாற்காலி முதுகில் போட்டுவிட்டு, ஒரு மணி நேரம் கழித்து வந்து பார்த்தால் நெஞ்சுப் பக்கமும் முதுகிலும் வெள்ளை வெள்ளையாக வரி ஓடியிருக்கும். விரலால் தேய்த்தால் பொடியாக உதிரும், நாக்கில் வைத்தால் கரிக்கும். உப்புதான். கொஞ்ச நேரம் முன்பு வரை என் ரத்தத்தில் இருந்த உப்பு. அதை இங்கே கொண்டுவந்து சேர்த்த தண்ணீர் ஆவியாகிப் போய்விட்டது, உப்பு மட்டும் தங்கிவிட்டது. எவ்வளவு தண்ணீர் போயிற்று என்று பல வருடம் நான் யோசித்ததே கிடையாது. தாகம் எடுத்தால் குடித்தேன், எடுக்காவிட்டால் விட்டேன். அளந்து பார்க்க வேண்டும் என்று தோன்றியது ரொம்பத் தாமதமாகத்தான். அதற்கு வெகுகாலம் முன்பே தோன்றியிருக்க வேண்டும், ஏனென்றால் என் கண் முன்னாலேயே ஒருவன் விழுந்திருக்கிறான்.

அப்போது எனக்கு 16 வயது. விடுமுறையில் ஒரு கால்பந்துப் பயிற்சி முகாம். பயிற்சி முடியும்வரை யாரும் தண்ணீர்ப் பக்கம் போகக்கூடாது என்பது அங்கே சட்டம். குடித்தால் வயிறு குத்தும், கால் கனக்கும், பழக்கினால் உடம்பு தண்ணீர் இல்லாமலேயே ஓடும் என்று சொல்லுவார்கள். மைதானத்தின் ஓரத்தில் ஒரு குழாய் இருந்தது. சரியாக மூடாமல் சொட்டிக்கொண்டே இருக்கும். பந்து அந்தப் பக்கம் போனால் எடுக்க நான் நீ என்று ஓடுவோம், நாலு சொட்டாவது கையில் ஏந்தலாமே என்று. ஒரு நாள், இரண்டாவது மணி நேரம் நடந்துகொண்டிருந்தது, எங்கள் அணியில் ஆடிய பையன் ஒருவன் பந்தை நேராக எதிரணிக்காரன் காலுக்குத் தள்ளினான். அப்புறம் மைதானத்தின் நடுவில் உட்கார்ந்து நிதானமாக ஷூ லேஸை அவிழ்க்க ஆரம்பித்தான். ஆட்டம் நடந்துகொண்டிருக்கிறது, அவன் பாட்டுக்கு லேஸை அவிழ்க்கிறான். "என்னடா பண்றே?" என்று கேட்டதற்கு, வீட்டுக்கு வந்தாச்சு இல்ல என்றான்.

நாங்கள் சிரித்தோம். எல்லோரும் சிரித்தோம். அவன் அப்படியே பக்கவாட்டில் சாய்ந்த பிறகுதான் சிரிப்பு நின்றது.

இரண்டு நாள் மருத்துவமனையில் இருந்தான், பிழைத்துக்கொண்டான். அவன் உளறியதுதான் முதல் அறிகுறி என்பது எனக்குப் புரிய இருபது வருடம் ஆயிற்று. சூட்டில் விளையாடுகிறவன் பேச்சிலோ நடத்தையிலோ தடுமாறினால் அது களைப்பு கிடையாது, உடம்பின் உள் வெப்பம் மூளையைத் தொட்டுவிட்டது என்று அர்த்தம். அதைப் பற்றி இன்னும் சொல்கிறேன்.

முதலில் இந்த வியர்வைக் கணக்கு. ஓடும்போது தசைகள் எரிக்கிற சக்தியில் கால்வாசி அளவுக்கு மேல் அசைவுக்குப் போவதில்லை, மிச்சமெல்லாம் வெப்பமாகத்தான் வெளியே வருகிறது. அந்த வெப்பத்தை வெளியேற்ற உடம்பிடம் இருக்கும் பெரிய வழி வியர்வை. ஒரு லிட்டர் வியர்வை தோலிலிருந்து முழுசாக ஆவியானால் கிட்டத்தட்ட 580 கிலோ கலோரி வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. ஆவியாக வேண்டும் என்பது முக்கியம். தரையில் சொட்டுகிற வியர்வையும் துண்டில் துடைத்த வியர்வையும் குளிர்விக்காது, வெறும் நஷ்டம். காற்றில் ஈரம் மிகுந்த நாளில் தொப்பலாக நனைந்தும் உடம்பு தணியாமல் இருப்பது இதனால்தான். அந்த நாட்களில்தான் அதிகம் இழக்கிறோம், குறைவாகப் பலன் பெறுகிறோம்.

இந்த வியர்வைக்கான தண்ணீரில் ஒரு பங்கு ரத்தத்தின் நீர்ப்பகுதியிலிருந்தும் போகிறது. தண்ணீர் குறையக் குறைய ரத்தத்தின் அளவும் குறைகிறது. இதயம் ஒவ்வொரு துடிப்புக்கும் தள்ளுகிற அளவு குறைந்துவிடுவதால் அதை ஈடுகட்டத் துடிப்பின் எண்ணிக்கை ஏறுகிறது. தசை ரத்தம் கேட்கிறது, வெப்பத்தைக் கொண்டுபோய்க் கொட்டத் தோலும் ரத்தம் கேட்கிறது, இருப்பதோ குறைந்துகொண்டே வருகிறது. வேகத்தைக் கூட்டாமலேயே என் நாடித் துடிப்பு ஓட்டத்தின் தொடக்கத்தில் 148, கடைசியில் 163 என்று நிற்பதைப் பார்த்திருக்கிறேன். அன்றைக்கெல்லாம் எனக்கு வயசாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். எல்லாம் தண்ணீர் செய்த வேலை என்று சொல்லமாட்டேன், உடம்பு சூடேறுவதும் துடிப்பை ஏற்றும். ஆனால் குடிக்கப் பழகிய பிறகு அந்த ஏற்றம் பாதியாகக் குறைந்தது.

சரி, அளந்த கதைக்கு வருகிறேன். அரை மாரத்தானுக்குத் தயாராகிக்கொண்டிருந்த நேரம். ஒரு காலை, ஓடப் போவதற்கு முன் சிறுநீர் கழித்துவிட்டு, உடையில்லாமல் எடை மெஷினில் ஏறினேன். 68.4 கிலோ. ஒன்றரை மணி நேரம் ஓடினேன், வழியில் அரை லிட்டர் குடித்தேன். திரும்பி வந்து வியர்வையைத் துடைத்துவிட்டு மறுபடி ஏறினேன். 66.5. மெஷின் கெட்டுவிட்டதோ என்று இறங்கி இன்னொரு முறை ஏறினேன். அதேதான். எடையில் 1.9 கிலோ போயிருக்கிறது, குடித்த அரை லிட்டரையும் சேர்த்தால் 2.4 லிட்டர் வெளியேறியிருக்கிறது. மணிக்கு 1.6 லிட்டர். என் எடையில் கிட்டத்தட்ட 2.8 சதவீதம் குறைந்த நிலையில் வீடு வந்திருக்கிறேன். இரண்டு சதவீதத்தைத் தாண்டினால், அதுவும் வெயிலில், தாக்குப்பிடிக்கும் திறன் குறையத் தொடங்கும் என்பது விளையாட்டு மருத்துவத்தில் பரவலாகச் சொல்லப்படும் கணக்கு.

அடுத்த வாரம் என்னோடு ஓடுகிற தோழியையும் அளக்கச் சொன்னேன். அதே பாதை, அதே வேகம், அதே அரை லிட்டர். அவருக்குக் குறைந்தது 0.7 கிலோதான், மணிக்கு 0.8 லிட்டர். எனக்கு ஆகிறதில் சரிபாதி. அதுவரை, நான் படித்த ஏதோ ஒரு அட்டவணையைச் சொல்லி அவரையும் இரண்டு பாட்டில் தூக்கவைத்துக்கொண்டிருந்தேன். "எனக்கு எதுக்குங்க இவ்வளவு, வயிறு குலுங்குது" என்று அவர் சொன்னபோதெல்லாம் பழகிக்கொள்ளுங்கள் என்று பதில் சொன்னேன். அவர் சொன்னதுதான் சரி. பெரும்பாலானவர்களுக்கு மணிக்கு அரை லிட்டரிலிருந்து இரண்டு லிட்டர்வரை வியர்க்கும் என்கிறார்கள், எவ்வளவு பெரிய இடைவெளி பாருங்கள். அமெரிக்க மாரத்தான் வீரர் ஆல்பர்டோ சாலசாரை 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்குக்காக ஆய்வு செய்தபோது மணிக்கு 3.7 லிட்டர் என்று அளந்தார்கள். அவருக்குப் போதுமான தண்ணீரை என் தோழி குடித்தால் மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும்.

அதனால்தான் ஒரு நாளைக்கு இத்தனை டம்ளர், இருபது நிமிடத்துக்கு இத்தனை மில்லி என்று எல்லோருக்கும் ஒரே எண்ணைச் சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை. உங்கள் எண் உங்கள் எடை மெஷினில் இருக்கிறது. மூன்று நான்கு முறை, வெவ்வேறு வெயிலில், வெவ்வேறு பயிற்சியில் அளந்து எழுதி வையுங்கள். ஒரு கிலோ குறைந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர், கணக்கு அவ்வளவுதான். போன அளவு முழுவதையும் ஓடும்போதே திரும்பக் குடிக்கத் தேவையில்லை, வயிறும் அதற்கு ஒத்துழைக்காது. இரண்டு சதவீதத்துக்குள் நின்றால் போதும்.

தாகத்தை நம்பக்கூடாதா என்று கேட்பார்கள். நம்பலாம், ஓரளவுக்கு. ரத்தத்தின் அடர்த்தி ஒன்றிரண்டு சதவீதம் கூடினதும் மூளை தாகத்தைக் கிளப்பிவிடுகிறது, நல்ல ஏற்பாடுதான். சாதாரண வெயிலில் முக்கால் மணி, ஒரு மணி நேரம் ஆடுகிறவர்கள் தாகத்தைக் கேட்டே நடந்துகொள்ளலாம், பெரிய திட்டம் தேவையில்லை. ஆனால் தாகத்துக்கு ஒரு குணம் உண்டு. தண்ணீர் வாயையும் தொண்டையையும் நனைத்த உடனேயே, குடலில் ஏறி ரத்தத்தில் கலப்பதற்கு முன்பே, அது அடங்கிவிடும். நாலு மடக்கு குடித்துவிட்டுப் போதும் என்று வைத்துவிடுவோம். நீண்ட பயிற்சியிலும், காலை மாலை இரண்டு வேளை பயிற்சியிலும் இந்தச் சின்னச் சின்னக் கடன்கள் சேர்ந்துகொண்டே போகும். குளிர்காலத்தில் தாகம் இன்னும் மந்தமாகிவிடும். நீச்சல்காரர்கள் தண்ணீருக்குள்ளேயே இருப்பதால் தங்களுக்கு வியர்க்கிறது என்பதையே அறியமாட்டார்கள். அவர்களுக்கும் வியர்க்கிறது.

தண்ணீர் கொடுக்காமல் பழக்குவது என்ற நம்பிக்கை என் முகாமில் பிறந்ததில்லை. 1904 செயின்ட் லூயிஸ் ஒலிம்பிக் மாரத்தானை நடத்திய ஜேம்ஸ் சல்லிவன், உடம்பில் நீர் வற்றினால் என்ன ஆகும் என்று பார்க்கும் எண்ணத்தோடு, வழியில் தண்ணீர் கிடைக்கும் இடங்களை வேண்டுமென்றே குறைத்து வைத்தார். 30 டிகிரியைத் தாண்டிய வெயில், புழுதிச் சாலை. 32 பேர் புறப்பட்டு 14 பேர்தான் முடித்தார்கள். வென்ற தாமஸ் ஹிக்ஸ் வழியில் தண்ணீர் கேட்டார், உடன் வந்தவர்கள் மறுத்து வாயை மட்டும் ஈரப்பஞ்சால் ஒற்றினார்கள். மறுத்த கையோடு ஸ்ட்ரிக்னின் என்ற விஷத்தை முட்டையின் வெள்ளைக்கருவில் கலந்து, ஊக்கம் தரும் என்று கொடுத்தார்கள். அந்தக் காலத்து அறியாமை என்று இதைத் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை, ஏனென்றால் அதே நம்பிக்கையைத்தான் என் 16 வயதில் எனக்கும் கற்றுக்கொடுத்தார்கள்.

1986 சென்னை டெஸ்ட் கிரிக்கெட் எல்லோருக்கும் நினைவிருக்கும், இரண்டு அணியும் ஒரே ரன் கணக்கில் 'டை' ஆகி முடிந்ததே, அந்த ஆட்டம். ஆஸ்திரேலியாவின் டீன் ஜோன்ஸ் 210 ரன் எடுத்தார். ஆடும்போதே ஓரத்தில் போய் வாந்தி எடுத்தார், தசைகள் பிடித்து இழுத்தன, சிறுநீரைக்கூடக் கட்டுப்படுத்த முடியாத நிலை. ஆட்டமிழந்த பிறகு மருத்துவமனையில் சலைன் ஏற்றினார்கள். அதை வீரக் கதையாகச் சொல்கிறோம், அந்த மனவுறுதியை நானும் வணங்குகிறேன். ஆனால் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்க ஆரம்பித்த பிறகு அந்தக் கதையை என்னால் பழைய மாதிரி சொல்ல முடியவில்லை. அதைக் கேட்டு வளர்கிற பையன், வாந்தி வந்தாலும் ஆடு என்பதை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விடுவானோ என்று பயமாக இருக்கிறது.

எடைப்பிரிவு விளையாட்டுகளில் இது இன்னும் மோசம். 1997 கடைசியில் அமெரிக்காவில் மூன்று கல்லூரி மல்யுத்த வீரர்கள், ஒரு மாதத்துக்குச் சற்று அதிகமான காலத்துக்குள், எடையைக் குறைக்க உடம்பின் நீரை வற்றவைத்து இறந்துபோனார்கள். அதன் பிறகுதான் ரப்பர் உடையையும் சூட்டறையையும் தடை செய்தார்கள். நீரை வடித்து எடையைக் காட்டுவதை எந்த மட்டத்திலும் பயிற்சி என்று நான் ஒப்புக்கொள்ளமாட்டேன்.

உப்புக்கு வருவோம். 1965-இல் புளோரிடா பல்கலைக்கழகத்தில் அமெரிக்கக் கால்பந்து அணியின் துணைப் பயிற்சியாளர் ஒருவர், ராபர்ட் கேட் என்ற சிறுநீரக மருத்துவரிடம் ஒரு சந்தேகம் கேட்டார். ஆட்டத்தின்போது என் பையன்களுக்கு ஏன் சிறுநீரே வருவதில்லை? என்ன அருமையான கேள்வி. போகிற நீரெல்லாம் வியர்வையாகவே போய்விடுகிறது, சிறுநீருக்கு மிச்சமில்லை என்பதுதான் பதில். கேட் குழு தண்ணீரில் உப்பும் சர்க்கரையும் எலுமிச்சைச் சாறும் கலந்து கொடுத்ததிலிருந்துதான் கேட்டரேட் என்ற விளையாட்டு பானம் பிறந்தது. சர்க்கரை ருசிக்காக மட்டும் இல்லை. குடலின் சுவரில் உப்பிலுள்ள சோடியமும் சர்க்கரையிலுள்ள குளுக்கோஸும் கைகோத்துக்கொண்டு ஒரே வாசல் வழியாக உள்ளே போகின்றன, தண்ணீர் அவற்றின் பின்னாலேயே வருகிறது. இதே வழியை வைத்துத்தான் 1971 வங்கதேசப் போரின்போது அகதி முகாமில் திலீப் மஹலனாபிஸ் என்ற மருத்துவர் உப்பு சர்க்கரைக் கரைசலைக் காலரா நோயாளிகளுக்கு வாய் வழியே கொடுத்தார். 30 சதவீதம் அளவுக்கு இருந்த சாவு 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. விளையாட்டு பானத்தைக் கையில் எடுக்கும்போதெல்லாம் எனக்கு அந்த முகாம்தான் ஞாபகம் வருகிறது.

ஆனால் இரண்டும் ஒன்று இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் ஓஆர்எஸ் என்ற உப்பு சர்க்கரைப் பொட்டலத்தில் லிட்டருக்கு 2.6 கிராம் உப்பு, 13.5 கிராம் குளுக்கோஸ். விளையாட்டு பானங்களில் உப்பு ரொம்பக் குறைவு, சர்க்கரை லிட்டருக்கு 60 கிராம் அளவுக்கு இருக்கும், ஏனென்றால் அவை தசைக்கு எரிபொருளும் தர வேண்டும். ஒரு மணி நேரத்துக்குள் முடிகிற பயிற்சிக்கு இரண்டுமே அவசியமில்லை, தண்ணீர் போதும். அதைத் தாண்டினால், அதிலும் என்னைப் போல பனியனில் வெள்ளை வரி விழுகிறவர்களுக்கு, உப்பு வேண்டும். வெயிலில் பத்துப் பதினாலு நாள் படிப்படியாகப் பழகினால் வியர்வையில் போகும் உப்பு குறையும், ஆனால் வியர்வை கூடும். வெயிலுக்குப் பழகிவிட்டேன், இனிமேல் தண்ணீர் வேண்டாம் என்று சொல்கிறவர்கள் கணக்கைத் தலைகீழாகப் போடுகிறார்கள்.

இப்போது மறுபக்கம். இதைச் சொல்லாமல் தண்ணீர் குடி, தண்ணீர் குடி என்று மட்டும் எழுதினால் பாவம் என்னைச் சேரும். அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி என்ற நிபுணர் அமைப்பு 1996-இல் தந்த வழிகாட்டுதல், வியர்வையில் போகிற அளவையோ வயிறு தாங்குகிற அளவையோ குடிக்கச் சொன்னது. 2002 பாஸ்டன் மாரத்தானில் 488 பேரின் ரத்தத்தைச் சோதித்தபோது 13 சதவீதம் பேருக்கு சோடியம் அளவுக்குக் கீழே இறங்கியிருந்தது. அதே ஓட்டத்தில் ஓடிய ஓர் இளம்பெண் இதனாலேயே இறந்துபோனார். அளவுக்கு மேல் குடித்த நீர் ரத்தத்தின் உப்பை நீர்க்கவைத்து, மூளையை வீங்கவைக்கிறது. தலைவலி, குமட்டல், தடுமாற்றம், விரல் உப்பி மோதிரம் இறுகுவது எல்லாம் வரும். கொடுமை என்னவென்றால் பாதி அறிகுறிகள் நீர் வற்றியவருக்கு வருவது போலவே இருக்கும், பக்கத்தில் இருப்பவர்கள் இன்னும் தண்ணீரை ஊற்றுவார்கள். அந்த ஆய்வில் ஓட்டத்தின்போது எடை கூடியவர்களுக்கும், நாலு மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொண்ட மெதுவான ஓட்டக்காரர்களுக்கும்தான் ஆபத்து அதிகமாக இருந்தது. 2007-இல் வழிகாட்டுதலை மாற்றி, இரண்டு சதவீதத்துக்கு மேல் இழக்காதே, எடை கூடுகிற அளவுக்கும் குடிக்காதே, உன் வியர்வையை அளந்து திட்டமிடு என்றார்கள். மறுபடியும் எடை மெஷின்தான்.

நான் செய்வது இது. பயிற்சிக்கு நாலு மணி நேரம் முன்பு கிலோவுக்கு ஐந்திலிருந்து ஏழு மில்லி, அதாவது 60 கிலோ எடைக்கு 300 முதல் 420 மில்லி. விடியற்காலைப் பயிற்சி என்றால் நாலு மணி நேரத்துக்கு எங்கே போவது, முந்தின ராத்திரி சரியாகக் குடித்துவிட்டு எழுந்ததும் ஒரு டம்ளர். புறப்படும்போது ஒரு லிட்டரைக் கடகடவென்று ஊற்றிக்கொண்டால் பாதி சிறுநீராகத்தான் போகும். காலைச் சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் சரி, அடர் மஞ்சள் என்றால் கடனோடு எழுந்திருக்கிறேன் என்று அர்த்தம். பி விட்டமின் மாத்திரை போடுகிறவர்கள் நிறத்தை நம்பவேண்டாம், அது தானாகவே பளிச்சென்ற மஞ்சள் தரும். முடித்த பிறகு, சீக்கிரமே அடுத்த பயிற்சி இருந்தால், குறைந்த ஒவ்வொரு கிலோவுக்கும் ஒன்றேகாலிலிருந்து ஒன்றரை லிட்டர், சில மணி நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக, உப்புள்ள சாப்பாட்டோடு.

இவ்வளவும் செய்தால் வெப்பத் தாக்கு வராது என்று நினைத்துவிடாதீர்கள். நன்றாகத் தண்ணீர் குடித்தவனும் கடும் வெயிலில் கடுமையாக ஓடினால் விழலாம். பேச்சு குழறினால், திசை தெரியாமல் நடந்தால், உடனே ஆட்டத்தை நிறுத்தி நிழலுக்குக் கொண்டுபோய், உடையைத் தளர்த்தி, முடிந்தால் கழுத்துவரை குளிர்ந்த நீரில் அமிழ்த்துங்கள், முடியாவிட்டால் உடம்பு முழுக்க நீரை ஊற்றிக்கொண்டே விசிறுங்கள். ஆம்புலன்ஸுக்கு ஒருவர் சொல்லட்டும், மற்றவர்கள் குளிர்விப்பதை நிறுத்தக்கூடாது. முதலில் குளிர்விக்க வேண்டும், அப்புறம்தான் கொண்டுபோக வேண்டும். நினைவு தடுமாறுகிறவர் வாயில் தண்ணீரைப் புகட்டாதீர்கள், மூச்சுக்குழலில் இறங்கிவிடும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் சொல்லிக்கொடுக்கும் பிள்ளைகள் இருபது பேர். ஒவ்வொருவர் பாட்டிலிலும் மார்க்கரால் கோடு போட்டிருக்கிறோம், அவரவர் எடைக் கணக்கை வைத்து, விசில் ஊதும்போது தண்ணீர் எங்கே வரை இறங்கியிருக்க வேண்டும் என்று. நான் ஊதினால் பந்து நிற்கும், குடித்த பிறகுதான் உருளும். "தாகமே இல்ல சார்" என்பான் ஒருவன். இரண்டு மடக்கு குடித்துவிட்டுச் சொல் என்பேன்.

போன மாதம் ஒரு பையன், வந்து மூன்று வாரம்தான் ஆகிறது, சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தான். பந்து அவனைத் தாண்டிப் போனது, அவன் திரும்பவில்லை. எனக்கு முன்னாலேயே 13 வயதுப் பெண் ஒருத்தி பார்த்துவிட்டாள். அவன் பெயரைக் கேட்டாள், என்ன கிழமை என்று கேட்டாள், அவன் தப்பாகச் சொன்னதும் "சார், வாளி!" என்று கத்தினாள். நாலு பேர் ஓடினார்கள். நிழலில் கிடத்தித் தலையிலிருந்து கால்வரை தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தோம், ஆம்புலன்ஸ் வரும்வரை. வண்டி வருவதற்குள் சரியான கிழமையைச் சொல்லிவிட்டான். அன்று மாலையே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மைதானத்தில் விட்டுப்போன அவன் பாட்டிலை நான் எடுத்துப் பார்த்தேன், தண்ணீர் முதல் கோட்டுக்கு மேலேயே நின்றது. விசில் ஊதும்போதெல்லாம் வாயில் வைத்திருக்கிறான், குடிக்கவில்லை. நான் பாட்டிலைப் பார்க்கவில்லை, வாயைத்தான் பார்த்திருக்கிறேன். இப்போது விசிலுக்குப் பிறகு ஒவ்வொருவரும் பாட்டிலைத் தூக்கிப் பக்கத்தில் நிற்பவரிடம் காட்டுகிறார்கள். மருத்துவர் அனுமதித்த பிறகு அவன் திரும்பி வந்தபோது, பழைய கோட்டை அழித்துவிட்டு, புது எடைக் கணக்கில் மூன்று கோடு அவனே போட்டுக்கொண்டு வந்திருந்தான்.